அப்பா பேர் வைத்த பிரதமர்மார்

இலங்கையின்ர பிரதமர்மாரை வரிசையாச் சொல்லுறதில உங்களில ஆரும் என்னோட போட்டிக்கு வராதேங்கோ. தோத்துத்தான் போவீங்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில பாடமாக்கினீங்கள், சோதனை முடிய மறந்திட்டீங்கள். நான் பாடமாக்கேல்ல. எங்கட வீட்டுக்குப் பின்னால, உடப்புக் கடற்கரையில, அவையள் வரிசையாக் கிடந்தவை. ஆளுக்கொரு தோணி.

பேர் சொல்லமாட்டன். ஒரு காலத்தில எனக்கிருந்த பயத்தில விட்ட பழக்கம், இப்ப எழுபத்தைஞ்சு தாண்டியும் வாய் வருகுதில்லை. ஆனா என்ர வயசுக்காரருக்குப் பேர் எதுக்கு? குதிரையில இருந்து விழுந்தவர் எண்டு சொன்னா உங்களுக்கு விளங்கும்தானே. விளங்காட்டி நீங்கள் என்ர வயசு இல்லை, எழும்பிப் போகலாம்.

எங்கட அப்பா கரைவலைச் சம்மாட்டி. தோணியில வலையைக் கொண்டுபோய் கடலை வளைச்சு விட்டிட்டு, ரெண்டு பக்கக் கயிற்றையும் கரையில நிண்டு இழுக்கிறதுதான் கரைவலை. தோணியும் வலையும் சம்மாட்டியின்ர. இழுக்கிறது ஊர். எங்கட வலையை நம்பி இருபது முப்பது குடும்பம் இருந்தது. மற்றச் சம்மாட்டிமார் தங்கட தோணிக்கு அம்மன்ர பேர் வைப்பினம், இல்லாட்டிப் பெண்சாதி பேர், மூத்த மகளின்ர பேர். அப்பா மட்டும் நாட்டை ஆர் ஆளுறாரோ அவற்ற பேர்தான் வைப்பார். அதுவும் சிங்கள எழுத்தில. சிலாபத்தில இருந்து ஒரு பெயின்ரர் பஸ்ஸில வந்து, நாள் முழுக்க இருந்து, வளைச்சு வளைச்சு எழுதிப்போட்டு, பொரிச்ச மீனும் சோறும் திண்டிட்டுப் போவார்.

முதல் தோணி சுதந்திரம் கிடைச்ச வருசத்தில கட்டினது. முதல் பிரதமற்ற பேர். தோணி நல்லா ஓடினது, ஆனா மனிசன் ஒரு நாள் காலிமுகத் திடல்ல குதிரையால விழுந்து செத்துப்போனார். அவருக்குப் பிறகு மகன் வந்தார். அப்பா ரெண்டாவது தோணிக்கு மகன்ர பேர் வச்சார். பேர் காய்ஞ்சு கொஞ்ச நாள் போகேல்ல, அரிசி விலை கூடி நாடு குழம்பி, மகன் சுகமில்லை எண்டு சொல்லி விட்டிட்டுப் போனார். மூண்டாவது தோணிக்கு அடுத்து வந்தவற்ற பேர், பட்டாளத்தில இருந்தவர், மிடுக்கான ஆள். அவர் தேர்தல்ல விழுந்த விழுகை உங்களுக்குத் தெரியும்.

கிணத்தடியில பெண்டுகள் என்ன கதைச்சினம் எண்டு இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும். "சம்மாட்டி பேர் வச்சா ஆள் சரி" எண்டு கதைச்சுச் சிரிச்சினம். எங்கட மண்டாடி மாமாவும் சொல்லுவார். மண்டாடி எண்டா தோணிக்குத் தலைமை ஆள், எங்க வலை விடுறது, எப்ப இழுக்கிறது எண்டு அவர் சொன்னால்தான். அப்பாவுக்குக் கேட்காத தூரத்தில நிண்டு, "கொழும்பில எதிர்க்கட்சிக்காரன் ஏன் கஷ்டப்படுறான்? எங்கட சம்மாட்டியிட்ட வந்து ஒரு தோணி கட்டச் சொன்னாக் காணுமே" எண்டுவார். வயிறு குலுங்கச் சிரிப்பினம். நான் சிரிக்கேல்ல. நான் பத்து வயசுப் பெட்டை. அவையள் பகிடி விட்டினம், நான் அதை நம்பினன். அப்பாவின்ர கையில என்னவோ ஒரு தோஷம் இருக்கு, அது பேர் வழியாப் போய்க் கொழும்பில ஆளைப் பிடிக்குது எண்டு மனசுக்குள்ள முடிவு கட்டிட்டன்.

அப்பாவுக்கு இந்தக் கதை ஒண்டும் தெரியாது. ஊருக்கே தெரிஞ்ச கதை, அந்த ஆளுக்கு மட்டும் தெரியாது. மரியாதைக்கு ஆரும் முகத்துக்கு நேரே சொல்லேல்ல.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு சோளகக் காத்துக் காலத்தில நாலாவது தோணி கட்டினது. மூண்டாவது தோணி பலகை விரிஞ்சு தண்ணி குடிக்கத் தொடங்கிட்டுது. கண்டக்குழியில இருந்து தோணி கட்டுற ஓடாவி வந்து எங்கட வளவில மூண்டு மாசம் நிண்டார். மரத்தூள் மணமும் தார் காய்ச்சுற மணமும் சோத்திலயும் மணந்தது. பேர் என்ன எண்டு ஆரும் கேட்கேல்ல, எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த முறை ஆக்களுக்குப் பகிடி வரேல்ல. ஏனெண்டா அப்ப நாட்டை ஆண்டவர்தான் சிங்களம் மட்டும் எண்டு சட்டம் கொண்டுவந்தவர். அதுக்கு முதல் வருசம்தான் கலவரமும் நடந்து முடிஞ்சது. அவற்ற பேரை, அதுவும் சிங்களத்தில, ஒரு தமிழன்ர தோணியில!

"எங்கட தோணியிலயும் சிங்களம் மட்டுமோ சம்மாட்டி?" எண்டு மண்டாடி மாமா நேராக் கேட்டார்.

"ஓம்" எண்டார் அப்பா. அவ்வளவுதான். 

"காக்கா பிடிக்கிறான்" எண்டு ஊர் சொன்னது. நானும் அப்பிடித்தான் நினைச்சன். அரசாங்கக் கந்தோர்க்காரரைக் குளிர வைக்கிறார், பெரிய இடத்து ஆக்களுக்குத் தன்ர பேர் தெரிய வேணும் எண்டு நினைக்கிறார், அப்பாவுக்குத் தலைக்கனம். பெத்த பிள்ளை நானே அப்பிடி நினைச்சால் ஊரை என்ன சொல்ல.

சிலாபத்துப் பெயின்ரர் அந்த வருசம் வரேல்ல, நோயில படுத்திட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கையெழுத்து வடிவு. பெருமைக்குச் சொல்லேல்ல, பள்ளிக்கூடத்தில கரும்பலகையில தேதி எழுதுறதே நான்தான். முந்தல் சந்தியில ஒட்டியிருந்த பழைய தேர்தல் நோட்டீஸ் ஒண்டைக் கிழியாமல் உரிச்சுக்கொண்டு வந்து தந்து, "இதில இருக்கிற மாதிரியே கீறு பிள்ளை" எண்டார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, கீறத் தெரியும். முதல்ல கரியால கீறி, பிறகு சிவப்புப் பெயின்ற்றால நிரப்பினன். ஒரு சுழி பிசகேல்ல. பிழை பிடிக்க ஆள் வந்திருந்தால் நான் கையைக் குடுத்திருப்பன் வெட்டச் சொல்லி.

சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. கடைசி எழுத்தைக் கீறி முடிக்கேக்க, "ஐயோ பாவம், இந்த மனிசனும் போகப்போகுது" எண்டு நினைச்சன். சத்தியமா நினைச்சன்.

பெயின்ற் காய்ஞ்சது. அப்பா சிலாபத்துக்குப் போய் மீன்பிடிக் கந்தோரில தோணியைப் பதிஞ்சுகொண்டு வந்தார். கடதாசியில இலக்கமும் இருந்தது, பேரும் இருந்தது. பிறகு புரட்டாதியில ஒரு நாள் மண்டாடி மாமா தேத்தண்ணிக்கடையில இருந்து சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். றேடியோவில சொல்லியிருக்கினம். பிரதமரை அவற்ற வீட்டிலயே வச்சுச் சுட்டுப்போட்டினம், அடுத்த நாள் செத்தும் போனார்.

அப்பா வலை பொத்திக்கொண்டு இருந்தவர், ஊசியோட அப்பிடியே இருந்திட்டார். நான் வீட்டுக்குள்ள ஓடிப்போய்ப் பாயைச் சுத்திக்கொண்டு படுத்தன். காய்ச்சல் வந்திட்டுது. அம்மா வேப்பிலை அடிச்சா. எனக்கென்ன வருத்தம் எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவின்ர கையில தோஷமெண்டா, எழுதின கை என்ர கை.

வாடைக் காத்துக் காலம், எங்கட மீன்பிடிக் காலம், தொடங்க மூண்டு கிழமைதான் இருந்தது. எங்கட கடற்கரையில ஒரு வழக்கம். ஒவ்வொரு வலைக்கும் ஒரு பாடு, அதாவது வலை விட்டு இழுக்கிற கரைத்துண்டு. வாடையின்ர முதல் நாள் எந்தச் சம்மாட்டியின்ர தோணி தண்ணியில இறங்குதோ, அந்த வருசம் முழுக்கப் பாடு அவருக்கு. இறங்காட்டி அடுத்த சம்மாட்டிக்குப் போயிடும். கெஞ்சினாலும் கிடைக்காது. எங்கட மற்ற மூண்டு தோணியும் கடலுக்கு உதவாத பழசு, முதல் நாள் இந்தத் தோணி இறங்காட்டி எங்கட இருபது முப்பது குடும்பமும் வேற வலையில கூலிக்குக் கயிறு பிடிக்க வேணும்.

தோணிக்காரர் எல்லாரும் எங்கட வாசலுக்கு வந்தினம். மண்டாடி மாமாதான் கதைச்சார்.

"சம்மாட்டி, கோவிக்காதேங்கோ. இந்தத் தோணியில நாங்கள் ஏறமாட்டம்."

"ஏன்?"

"துர்மரணப்பட்ட ஆளின்ர பேர். அந்தப் பேரைச் சுமந்துகொண்டு கடல்ல போனா அது துணைக்கு ஆள் கேட்கும். எங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கு."

அப்பா கதிரையில இருந்து எழும்பேல்ல. "பேரை எடுக்கேலாது" எண்டார்.

"அப்ப வேற பேர் வையுங்கோ, அம்மன்ர பேரை வையுங்கோ."

"எடுக்கேலாது எண்டு சொன்னன்."

அப்பாவின்ர பிடிவாதம் அண்டைக்குத்தான் எனக்கு அருவருப்பா இருந்தது. செத்த மனிசனுக்குமா இன்னும் காக்கா பிடிக்கிறார்? அம்மாவும் வாய் விட்டுக் கேட்டா. "அந்த ஆள் இனி எழும்பி வந்து உங்களுக்குப் பட்டம் தரப்போறாரோ?" அப்பா சேட்டைப் போட்டுக்கொண்டு சிலாபத்துக்கு பஸ் ஏறினார். கந்தோரில கேட்டால், பேர் மாத்துறதெண்டால் கொழும்பில இருந்து கடிதம் வரவேணும், நாடு இருக்கிற இருப்புக்கு இப்ப ஒண்டும் நடக்காது எண்டிட்டினம். இடைக்காலத்துக்கு ஒருவரைப் பிரதமரா வச்சிருந்தவை. அவற்ற பேரை எழுதுவமோ எண்டு அப்பா யோசிச்சவராம். "காவலுக்கு இருக்கிறவருக்கும் தோணியோ?" எண்டு மண்டாடி மாமா அதையும் வெட்டிப்போட்டார்.

முதல் நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். கடற்கரையில வெயில், ஒரு குருவி இல்லை. நான் ஒரு உடைஞ்ச போத்தல் துண்டையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு தோணிக்குப் போனன். என்ர எழுத்து, நான் அழிப்பன், ஆரைக் கேட்கவேணும்? சுரண்டச் சுரண்டச் சிவப்புத் தூள் வேர்வையோட சேர்ந்து முழங்கை வரைக்கும் ஒட்டினது. கை வெட்டுப்பட்டு எது பெயின்ற், எது ரத்தம் எண்டு தெரியேல்ல. ரெண்டு மணித்தியாலம். பேர் போச்சு, மரத்தில தடம் மட்டும் நிண்டது. நான் செய்தது சரி எண்டு அப்ப நினைச்சன். அதைச் சொல்ல எனக்கு இண்டைக்கும் வெக்கமில்லை.

விடிய அப்பா பார்த்தார். பார்த்த பார்வை எனக்கு மறக்காது. கோபமில்லை. நடுச்சந்தியில வேட்டி உரிஞ்ச ஆள் மாதிரி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அதுக்குள்ள தோணிக்காரர் வந்து, "ஆ, பேர் போயிட்டுது! ஏறுங்கோடா!" எண்டு சத்தம் போட்டுக்கொண்டு தோணியைத் தள்ளத் தொடங்கிட்டினம்.

அப்பத்தான் மீன்பிடிக் கந்தோர்ச் சிங்கள ஐயா வந்தார், நாங்கள் மாத்தயா எண்டுதான் கூப்பிடுவம். வாடை தொடங்குற நாளில இலக்கம் பார்த்துக் குறிக்கிறதுக்கு சிலாபத்தில இருந்து ஒவ்வொரு வருசமும் வருவார். காக்கிக் கால்சட்டை, தொப்பி, கக்கத்தில ஃபைல். கடதாசியைப் பார்த்தார், தோணியைப் பார்த்தார். விரலை வச்சு அந்தத் தடத்தைத் தடவினார். சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு அந்தத் தடம் காணும். முகம் மாறிட்டுது.

"இங்க பேர் இருந்தது" எண்டார் கொச்சைத் தமிழில. "ஆரு சுரண்டினது?"

 சனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது.

"செத்து இன்னும் ஒரு மாசமில்லை. நாடு அழுகுது. நீங்க அந்த மனிசன்ர பேரைச் சுரண்டி எறியிறதா? நான் பொலிசுக்குச் சொல்லவேணும். தோணி இறங்கேலாது."

உங்களுக்கு அந்தக் காலம் தெரியும்தானே. பொலிஸ் எண்டால் என்ன, அந்த நேரத்தில அந்தக் குற்றத்துக்கு ஒரு தமிழனை என்ன செய்வாங்கள். அம்மா வாயில சீலைத் தலைப்பை வச்சுக்கொண்டு நிண்டா. அப்பா முன்னால வந்தார்.

"நான்தான் மாத்தயா. நான்தான் சுரண்டினன்."

"பொய்!" எண்டு கத்தினன் நான். என்ர வாய் அப்பவும் இப்பிடித்தான். கூட்டத்தை இடிச்சுக்கொண்டு போய் மாத்தயாவுக்கு முன்னால நிண்டு வெட்டுப்பட்ட கையைக் காட்டினன். "அப்பா இல்லை, நான். நான் எழுதினது, நான் அழிச்சன்."

"ஏன்?"

ஏன் எண்டு கேட்டிட்டார். நானும் சொன்னன். முதல் தோணியைக் கையால காட்டினன். "இந்தப் பேரை அப்பா வச்சார், அவர் குதிரையால விழுந்து செத்தார்." ரெண்டாவதைக் காட்டினன். "இந்தப் பேரை வச்சார், அவர் சுகமில்லையெண்டு போயிட்டார். இந்தப் பேரை வச்சார், அவர் தோத்துப் போனார். இந்தப் பேரை வச்சார், சுட்டுப்போட்டினம். எங்கட அப்பா பேர் வச்சால் பிரதமர்மார் தப்பமாட்டினம் மாத்தயா. ஊருக்கே தெரியும். இந்தப் பேர் இன்னும் இருந்தால் இனி வாறவருக்கும் என்னவும் நடக்கும். அதுதான் அழிச்சன்."

மண்டாடி மாமா தலையில கையை வச்சிட்டார். மாத்தயாவுக்குக் கொஞ்சம் விளங்கினது, மிச்சத்தை அவரே மண்டாடி மாமாவைச் சிங்களத்தில சொல்லச் சொன்னார். மாமா தடக்கித் தடக்கிச் சொன்னார். மாத்தயா நாலு தோணியையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழட்டினார். என்ர கையைப் பிடிச்சுப் பார்த்து, தன்ர கைலேஞ்சியை எடுத்துச் சுத்திக் கட்டினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கோ, கண்ணால தண்ணி வந்தது. சிரிப்போ அழுகையோ, ரெண்டும்தான் எண்டு நினைக்கிறன்.

"எங்கட கந்தோர்ப் பேரை மட்டும் தோணிக்கு வைக்க வேண்டாம் எண்டு இந்த ஆளிட்டச் சொல்லு" எண்டார். கடதாசியில பேரை வெட்டிப்போட்டு, இலக்கம் மட்டும் எண்டு எழுதிக் கையெழுத்து வச்சார். "இறக்கு!"

சனம் வெடிச்சுச் சிரிச்சது. தோணி இறங்கினது. பாடு எங்களுக்கு. முதல் வளைப்பிலயே கீரி மீன் வலை மடி நிறைஞ்சு வந்தது. என்னைத் தூக்கித் தோளில வச்சினம். நான் இளவரசி மாதிரி இருந்து சுத்திப் பார்த்தன், அப்பாவைக் காணேல்ல.

எப்பிடி நிப்பார்? இத்தனை வருசமா ஊர் முதுகுக்குப் பின்னால சொன்னதை அவற்ற சொந்தப் பிள்ளை முழுக் கடற்கரைக்கும் முன்னால முகத்தில எறிஞ்சிருக்கு. அது எனக்கு அண்டைக்கு விளங்கேல்ல, தோளில இருக்கிறவைக்கு ஒண்டும் விளங்கிறதில்லை.

அண்டையில இருந்து அப்பா வீட்டில படுக்கேல்ல. பொழுது படச் சாப்பிட்டிட்டு, ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பேரில்லாத தோணிக்குள்ள படுப்பார். பனியோ மழையோ, அங்கதான். "ரோசம்" எண்டா அம்மா. "நாலு நாளில தீரும்." நாலு நாள் நாப்பது நாளாச்சு. விடியக் காலமை தேத்தண்ணியும் பாணும் கொண்டுபோறது என்ர வேலை. அப்பா வாங்கிக் குடிப்பார், "கைக் காயம் மாறிட்டுதோ?" எண்டு கேட்பார், அதுக்கு மேல ஒண்டுமில்லை. என்னோட கோபம் எண்டு நினைச்சு நான் தேத்தண்ணியைக் குடுத்திட்டு ஓடி வந்திடுவன். மாத்தயாவுக்கு முன்னால நாலு பிரதமரை வரிசையாச் சொன்ன வாய்க்கு, அப்பாவிட்ட ஒரு சொல்லுச் சொல்லத் தெரியேல்ல.

கொழும்பில ஆக்கள் மாறிக்கொண்டிருந்தவை. இடைக்காலத்துக்கு இருந்தவர் தேர்தல்ல தன்ர இடத்தையே துலைச்சிட்டார். "பார் பிள்ளை, சம்மாட்டி பேர் வைக்காத ஆளும் போயிட்டார்" எண்டார் மண்டாடி மாமா. எனக்கு மனசுக்குள்ள சின்னக் குழப்பம். பிறகு எங்கட ரெண்டாவது தோணிக்காரர், அந்த மகன், திரும்பிப் பிரதமரா வந்தார். அட, அப்பாவின்ர தோஷம் கழிஞ்சுபோச்சு எண்டு நான் துள்ளினன். ஒரு மாசம் போகேல்ல, பாராளுமன்றத்தில தோத்து அவரும் விழுந்தார். கடற்கரையில ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஆக்கள் அப்பாவைக் கேட்பினம்: "சம்மாட்டி, பேர் வைக்கேல்லையோ?" முந்திப் பின்னால சிரிச்சவை இப்ப முன்னாலயே சிரிச்சினம். அந்தக் கதவைத் திறந்து விட்டது நான்.

வாடை முடிஞ்சது. சோளகம் தொடங்க எங்கட ஆக்கள் வலையைக் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போறது வழக்கம், இங்க கடல் கொந்தளிக்கிற காலம் அங்க அமைதி. எல்லாச் சம்மாட்டிமாரும் போச்சினம். அப்பா போகேல்ல. வலையை மண்டாடி மாமாவிட்டக் குடுத்தனுப்பிப்போட்டு, மணலில ஏத்திக் கிடந்த தோணியோட இருந்திட்டார். அம்மா அழுதா. மனிசனுக்கு மூளை பிசகிட்டுது எண்டு ஊர் முடிவு கட்டிட்டுது. அப்பாவின்ர கன்னம் ஒட்டிப்போச்சு. உப்புக்காத்தில இருமல் வேற பிடிச்சிட்டுது. இருமினால் தோணிப் பலகையே அதிரும்.

அந்த இருமலைத்தான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு. ஒரு நாள் காலமை தேத்தண்ணியைக் குடுத்திட்டு ஓடேல்ல. தோணி விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதன்.

"அப்பா, வீட்டை வாங்கோ. நான் இனி ஆருக்கும் முன்னால வாய் திறக்கமாட்டன். என்னோட கோவிச்சது காணும்."

அப்பா என்னைப் பார்த்தார். "உன்னோட ஆர் பிள்ளை கோவிச்சது?" எண்டார். உண்மையாவே விளங்காமல் கேட்டார். "வா, ஏறி இரு."

ஏறி இருந்தன். சாக்கு ஈரமா இருந்தது. அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கலவரம் நடந்த வருசம், ஒரு பின்னேரம், தென்னந்தோட்டத்து முனையில ஒரு லொறி வந்து நிண்டது. நான் மட்டும்தான் கரையில வாடிக் குடிலில நிண்டன். பத்துப் பன்னிரண்டு பேர், மண்ணெண்ணெய் ரின்னோட. எந்த ஊர் ஆக்களோ தெரியாது. நேர தோணிக்கு வந்தாங்கள். ஒருத்தன் பேரை வாசிச்சான். மற்றதையும் போய் வாசிச்சான். 'இது எங்கட ஆளின்ர தோணியடா' எண்டு சொன்னான். திரும்பிப் போயிட்டாங்கள்."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே அப்பா."

"சொன்னால் ஊர் வீட்டில நித்திரை கொள்ளுமே? பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும். எங்க ஓடுறது?" இருமினார். "முதல்ல வச்சது ஆசைக்குத்தான். சுதந்திரம் எண்டு ஒரு சந்தோஷம். பிறகு வச்சது பயத்துக்கு. நாலு பேரும் எங்களுக்கு ஒண்டும் தரேல்ல பிள்ளை. ஆனா அவையின்ர பேர் இருக்கும்வரை தோணியை ஒருத்தனும் தொடேல்ல. இப்ப இதுக்குப் பேரில்லை. ஆள் இருக்கவேணும்தானே?"

 காக்கா பிடிக்கிறார், தலைக்கனம், ரோசம், மூளை பிசகு எண்டு நாங்கள் எத்தினை பேர் வச்சம் அந்த மனிசனுக்கு. ஒரு பயந்த மனிசன் மாசக்கணக்கா முழு ஊருக்கும் காவலிருந்திருக்கிறார், நாங்கள் சிரிச்சுக்கொண்டிருந்திருக்கிறம். நினைச்சால் இப்பவும் என்ர கன்னத்தில நானே அறையலாம் போல கிடக்கு.

ஆடி பிறந்தது. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவுக்கு முல்லைத்தீவுக்குப் போன ஆக்கள் எல்லாரும் ஊர் திரும்பினவை. அந்தக் கிழமைதான் றேடியோவில செய்தி. சுட்டுச் செத்த பிரதமற்ற பெண்சாதி பிரதமராயிட்டா. உலகத்திலயே முதல் பொம்பிளைப் பிரதமராம். சனம் மூக்கில விரல் வச்சது.

நான் மண்டாடி மாமாவிட்டப் போனன். "மாமா, அந்த அம்மாவின்ர பேரைத் தோணியில எழுதினால் ஏறுவீங்களோ?"

"உனக்கு விசரோ?"

"குடும்பப் பேர் வேண்டாம். அவவின்ர சொந்தப் பேர் மட்டும். பொம்பிளைப் பேர்தானே. கேட்டால் அம்மன் பேர் மாதிரித்தானே இருக்கு."

மாமா வெத்திலையை மெண்டு துப்பினார். பொம்பிளைப் பேர் போட்ட தோணியில ஏறமாட்டன் எண்டு எங்கட ஊரில ஒருத்தன் சொல்லேலுமே? "பொம்பிளைப் பேரெண்டால் சரி" எண்டார்.

பேப்பரில வந்த பேரைப் பார்த்து, அதே சிங்கள எழுத்தில, அப்பா தீர்த்தமெடுக்கப் போயிருந்த நேரம் எழுதினன். சிரமமான எழுத்து, சுழிக்கு மேல சுழி.  நான் இன்னும் நம்பினனான் எண்டதை நீங்கள் மறக்கக்கூடாது. அப்பாவின்ர தோணியில என்ர கையால எழுதின பேர் தப்பாது எண்டு நம்பிக்கொண்டுதான் எழுதினன். புருஷனை விழுங்கின கை இப்ப பெண்சாதியின்ர பேரை எழுதுது. தாயில்லாமல் போகப்போற அவவின்ர பிள்ளையள் மூண்டும் என்ர கண்ணுக்குள்ள வந்து நிண்டினம். பேப்பரில படம் பார்த்திருந்தன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு சொல்லிச் சொல்லி எழுதினன். ஆனா கை நிக்கேல்ல.

அப்பா வந்து பார்த்தார்.  "சுழி வடிவா விழுந்திருக்கு" எண்டார். சாக்கை உதறித் தோளில போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, பாயை விரிச்சு, பட்டப்பகல்ல படுத்தார். பத்து மாசத்து நித்திரை, ஊரே கேட்கிற குறட்டை. அம்மா விசிறிக்கொண்டு பக்கத்தில இருந்தா.

அண்டையில இருந்து நான் ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணிக்கடைக்குப் போய் றேடியோவுக்கு முன்னால நிண்டன். செய்தி முடிய, "அந்த அம்மாவுக்கு ஒண்டும் இல்லையே?" எண்டு கேட்பன். புளிச்சாக்குளத்தில இருந்து வந்து கடை போட்டிருந்த முஸ்லிம் நானா சிரிப்பார். "அந்தப் பொம்புளைக்கி என்ன, நல்லாத்தான் ஈக்கிறா. ஒனக்கென்ன புள்ள அவட மேல அவ்வளவு எரக்கம்?"

இரக்கமில்லை நானா எண்டு எப்பிடிச் சொல்லுவன்? எங்கட அப்பா வீட்டில படுத்து நித்திரை கொள்ளுறதுக்காக ஒரு நாட்டின்ர பிரதமரையே நான் பலி குடுத்திட்டு வந்து நிக்கிறன் எண்டும், கேட்டால் திரும்பவும் குடுப்பன் எண்டும் அந்த நல்ல மனிசனிட்ட எப்பிடிச் சொல்லுவன்?